ராட் எடுக்கும் முன்னாடி நம்பரைப் பாருங்க!

அம்மாவோட பிறந்த நாள். கடையில் எதுவும் வாங்காம, நீங்களே நெருப்பில் உருக்கிச் செஞ்ச ஒரு கண்ணாடி மணியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கொடுக்கறீங்க. வெள்ளை மணி, மேலே குட்டி குட்டியா நீலப் புள்ளி. 'எந்தக் கடைடா?'னு அம்மா கேட்க, 'நானே செஞ்சதும்மா!'னு நீங்க சொல்ல, வீடே கொண்டாடுது.

மூணாவது நாள் ராத்திரி. மணி அலமாரியில் இருக்கு. யாரும் தொடலை, கீழே போடலை. 'டிக்'னு ஒரு சத்தம். காலையில் பார்த்தா மணி ரெண்டு துண்டு!

யார் மேல தப்பு? உங்க கை மேலயா, டார்ச் மேலயா? ரெண்டுமே இல்லாம இருக்கலாம். பல சமயம் தப்பு நடந்தது, நீங்க கடையில் ராட் வாங்கின அன்னைக்கு!

'லேம்ப் ஒர்க்' மணி செய்யக் கத்துக்கலாம்னு ஆசைப்படற காலேஜ் மக்கள் டார்ச் பத்திக் கேப்பாங்க, டிசைன் பத்திக் கேப்பாங்க. 'எந்த ராட் வாங்கணும்?'னு மட்டும் கடைசியாத்தான் கேப்பாங்க. முதல்ல கேட்க வேண்டியதே அதுதான்!

கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா?

ப்ளஸ் ஒன் பிராக்டிகலில் கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைச்சிருப்பீங்க. அது சிவந்து, இளகி, மெதுவா மடங்கும்போது மனசுக்குள்ள ஒரு 'அட!' வந்திருக்குமே, அதேதான் இந்தக் கலையும். அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரைத் துருத்தியால் ஊதி, அந்தச் சூட்டில் கண்ணாடியை உருக்கினாங்க. அதனால்தான் 'லேம்ப்'னு பேரு. இப்போ விளக்கு போய் கேஸ் டார்ச் வந்தாச்சு. பேர் மட்டும் மாறலை.

செய்முறை சிம்பிள். ஒரு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. அதன் நுனியில் களிமண் பூச்சு. ஒரு கையில் கண்ணாடி ராட், இன்னொரு கையில் இந்தக் கம்பி. ராட்டின் நுனி தேன் மாதிரி இளகும்போது கம்பியைச் சுத்திவிட்டா, கண்ணாடி அதில் சுருண்டு மணியாகும். ஆறினதும் உருவினா, கம்பி இருந்த இடம்தான் மணியோட துளை.

இதில் கம்பிக்குப் பெரிசா அலைய வேண்டாம். வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும் 1.6 மி.மீ., 2.4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபில்லர் கம்பியையே நிறையப் பேர் வெட்டி வெச்சுக்கறாங்க. கண்ணாடி ராட் விஷயத்தில் அப்படிக் கண்ணை மூடிக்கிட்டு வாங்க முடியாது.

அது என்ன 104?

ராட் விக்கிற இடத்தில் எல்லாம் 33, 90, 96, 104னு ஒரு நம்பர் இருக்கும். பக்கத்தில் 'சி.ஓ.இ.'னு போட்டிருக்கும். பயப்படாதீங்க. பிசிக்ஸில் படிச்ச வெப்ப விரிவுக் குணகம்தான் அது.

நம்ம ஊர் கணக்கில் சொன்னா இன்னும் ஈஸி. 104னு போட்ட கண்ணாடி, ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்போதும் தன் நீளத்தில் ஒரு கோடியில் 104 பங்கு நீளும். ஒரு மீட்டர் ராட்டை 100 டிகிரி சூடாக்கினா சுமார் 1 மி.மீ. கூடும். அதே நீளத்தில் 33 நம்பர் ராட்டை எடுத்துக்கிட்டா 0.33 மி.மீ.தான் கூடும்.

'இவ்வளவுதானா வித்தியாசம்?'னு தோணுதா? இப்போ மணிக்கு வாங்க. 12 மி.மீ. மணியில் இந்த ரெண்டையும் சேர்த்து உருக்கிட்டீங்கனு வைங்க. சூட்டில் ரெண்டும் இளகி இருக்கும்போது பிரச்னையே இல்லை. ஆறி இறுகினதுக்கு அப்புறம்தான் வம்பு. 500 டிகிரியிலிருந்து நம்ம ரூம் சூட்டுக்கு வர்றதுக்குள்ள ஒண்ணு மத்ததைவிடத் தோராயமா 0.04 மி.மீ. அதிகமாச் சுருங்கப் பார்க்கும். ஒரு தலைமுடியின் கனத்தில் பாதி! ஆனா கண்ணாடி ரப்பர் இல்லையே, இழுத்தா விட்டுக்கொடுக்க? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சில மணி உடனே வெடிக்கும். சிலது மூணு நாள் தாங்கும். சிலது மாசக்கணக்கில் சமாளிச்சுட்டு, யாரோ கழுத்தில் இருக்கும்போது விரிசல் விடும்.

90-க்கும் 104-க்கும் வெறும் 14தானே வித்தியாசம்னு ரிஸ்க் எடுக்காதீங்க. மணியைப் பிளக்க அதுவே தாராளம்.

நாலு ஃபேமிலி, ஒரு சாய்ஸ்

நம்பரை வெச்சு ராட்களை நாலு குடும்பமாப் பிரிச்சுக்கலாம்.

*104:* மணி செய்றவங்களோட செல்லப் பிள்ளை. இத்தாலியில் வெனிஸ் பக்கத்துல இருக்கிற முரானோ தீவின் 'எஃபெட்ரே' ராட்கள்தான் இதில் பிரபலம். பழைய ஆட்கள் இன்னமும் 'மொரெட்டி'ன்னு பழைய பேரைத்தான் சொல்வாங்க. தீ விபத்துக்குப் பயந்து, வெனிஸ் நகரத்துக் கண்ணாடிச் சூளைகளை 1291-ல் இந்தத் தீவுக்கு அனுப்பினாங்க. அன்னைக்குப் போன கண்ணாடி அங்கேயே தங்கிடுச்சு. இந்த வகை சீக்கிரம் இளகும், சின்ன டார்ச்சே போதும், கலரும் எக்கச்சக்கம்.

*90:* அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரத்து 'புல்ஸ்ஐ' கண்ணாடி. ஷீட்டாச் சூளையில் உருக்கி ஒட்டும் வேலைக்குத்தான் அதிகம் போகும். ராட்டும் உண்டு. 104-ஐவிடக் கொஞ்சம் இறுக்கம்.

*96:* கண்ணாடி ஊதறவங்களும் ஷீட் வேலை செய்றவங்களும் விரும்புவது. பழைய புத்தகங்களில் 'ஸ்பெக்ட்ரம் 96'னு படிச்சுட்டுத் தேடி அலையாதீங்க. அந்தத் தொழிற்சாலை 2016-ல் மூடப்பட்டு, அதன் தயாரிப்புகள் 'ஓஷன்சைடு' என்ற கம்பெனி கைக்குப் போயிடுச்சு.

*33:* இதுதான் போரோசிலிகேட். உங்க லேப் பீக்கர் சாதி. சூட்டில் அதிகம் விரியாது, அதனால் சட்டுன்னு வெடிக்காது. ஆனா இளகுறதுக்கே 820 டிகிரி பக்கம் போகணும். ஆக்சிஜன் சேர்த்த பெரிய டார்ச் இல்லாம இதோட மல்லுக்கட்டவே முடியாது.

பிகினருக்கு எது? கண்ணை மூடிக்கிட்டு 104. நெருப்பில் கை பழகவே முதல் மாசம் போயிடும். சீக்கிரம் இளகுற கண்ணாடிதான் அப்போ உங்க ஃப்ரெண்ட்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கு. நம்பர் ஒண்ணா இருந்தா மட்டும் ரெண்டு கண்ணாடி ஒத்துப்போகும்னு கேரண்டி கிடையாது. ஆறும்போது எந்தச் சூட்டில் எவ்வளவு வேகமா இறுகுதுங்கறதும் முக்கியம். அதனால் ஆரம்பத்தில் ஒரே கம்பெனி, ஒரே வரிசை ராட்களை மட்டும் வாங்குங்க. கை தேறினதும் கம்பெனி மாத்திப் பார்க்கலாம்.

'லேப்ல இருக்கிற கிளாஸ் ராட்டை யூஸ் பண்ணலாமா?' இந்தக் கேள்வி எப்படியும் வரும்னு தெரியும்! கரைசலைக் கலக்கற அந்த ராட் பெரும்பாலும் போரோசிலிகேட்தான். 104-வோட சேர்ந்தா சர்வநாசம். அதுவும் இல்லாம, லேப் அட்டெண்டரிடம் யார் திட்டு வாங்கறது?

நம்பரே இல்லைனா?

எல்லா ராட்டும் இறக்குமதிதான்னு நினைச்சுடாதீங்க. வடக்கே ஃபிரோசாபாத் கண்ணாடி வளையலுக்குப் பேர் போன ஊர். வாரணாசியின் கண்ணாடி மணிகளுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அந்தப் பக்கத்து ராட் மலிவாக் கையில் கிடைச்சா, ஆனா நம்பர் எதுவும் இல்லைனா, தூக்கிப் போட வேண்டாம். டெஸ்ட் பண்ணுங்க.

ரெண்டு ராட்டின் நுனியையும் பக்கத்துப் பக்கத்தில் வெச்சு உருக்கி ஒட்டுங்க. ஒண்ணை ஒண்ணு முறுக்காம, இளகினதும் வெளியே எடுத்து இடுக்கியால் மெதுவா இழுங்க. ஒரு பக்கம் ஒரு கண்ணாடி, மறு பக்கம் இன்னொண்ணுன்னு நூல் மாதிரி நீண்டு வரும். ஆறட்டும். நூல் நேராவே நின்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். வில் மாதிரி வளைஞ்சா சேர்க்கவே சேர்க்காதீங்க. ஸ்கூலில் படிச்ச ஈருலோகப் பட்டை ஞாபகம் வருதா? அதே லாஜிக்தான். அதிகமாச் சுருங்குற கண்ணாடி வளைவின் உள்பக்கம் இருக்கும்.

இன்னும் உறுதியாத் தெரியணுமா? ரெண்டு போலராய்டு ஷீட்டைக் குறுக்கே வெச்சு வெளிச்சத்தை மறைச்சு, நடுவில் செஞ்சு முடிச்ச கிளியர் மணியைப் பிடிங்க. ரெண்டு கண்ணாடியும் சேர்ற இடத்தில் வெளிச்சமா ஒளிவட்டம் தெரிஞ்சா, உள்ளே இழுபறி நடக்குதுனு அர்த்தம்.

காலி சோடா பாட்டிலை உருக்கலாமான்னு சிலர் கேப்பாங்க. தாராளமா! ஆனா ஒரு மணிக்கு ஒரே பாட்டில். அது தன்னோட தானே ஒத்துப்போகும். அதன் மேல 104-ல் அழகா ஒரு புள்ளி வெச்சீங்கனா, கதை பழையபடி 'டிக்'தான்.

கலர் காட்டும் சேட்டை

கடையில் கலரைப் பார்த்து மயங்கி அள்ளிட்டு வந்துடாதீங்க. ஒவ்வொரு கலருக்கும் ஒரு குணம் இருக்கு.

வெள்ளை சீக்கிரம் இளகும். ஐவரி இன்னும் சாஃப்ட். ரெண்டும் பேஸ் மணிக்கு நல்லது. அதுவே மெல்லிய கோடு போடப் பயன்படுத்தினா, கோடு பரவி அசடு வழியும்.

எஃபெட்ரே கறுப்பு, கறுப்பே கிடையாது! மெல்லிசா இழுத்து வெளிச்சத்தில் பாருங்க, அடர்ந்த ஊதா. கோபால்ட் நீலம் இதுக்கு நேர் எதிர். கனமாப் போட்டா கறுப்பு மாதிரியே தெரியும். கிளியர் மேலயோ வெள்ளை மேலயோ மெல்லிசாப் போட்டாத்தான் நீலம் ஜொலிக்கும்.

சிவப்பும் மஞ்சளும் சூட்டில் இருக்கும்போது கறுத்தோ, வேற நிறமாவோ தெரியும். 'போச்சு, கருக்கிட்டேன்!'னு அலறாதீங்க. ஆறினதும் தன் நிறத்துக்கு வந்துடும்.

டர்க்கோய்ஸில் காப்பர் இருக்கு. ஐவரியில் கந்தகம். ரெண்டையும் பக்கத்தில் வெச்சா, சேர்ற இடத்தில் கருப்பா ஒரு கோடு தானா விழும். வேணும்னே இந்தக் கோட்டுக்காகச் சேர்க்கறவங்களும் இருக்காங்க. தெரியாம சேர்த்துட்டு ராட் மேல பழி போடறவங்கதான் அதிகம். இன்னொண்ணு, சுடரில் கேஸ் அதிகமாகி ஆக்சிஜன் குறைஞ்சா டர்க்கோய்ஸ் மேல செங்கல் நிறத்தில் ஒரு படலம் படியும். அப்போ சுடரைத்தான் சரி பண்ணணும்.

'ரூபினோ'ன்னு ஒரு பிங்க் இருக்கு. அந்த நிறம் வர்றதே தங்கத்தால்தான். விலையும் அப்படித்தான். முதல் வருஷம் அந்தப் பக்கமே திரும்பாதீங்க!

கிளியர் ராட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. அழுக்கும் குமிழும் பளிச்னு தெரியறது அதில்தான். ஒரு மணியை முழுக்க மூடற வேலைக்கு எஃபெட்ரேயில் 006 நம்பர் கிளியரைப் பலரும் விரும்பறாங்க. (இது கலர் நம்பர். 104-ஓட குழப்பிக்காதீங்க!)

பாக்கெட் மணிக்கு எத்தனை மணி?

இப்போ பட்ஜெட். 33 செ.மீ. நீளம், 6 மி.மீ. கனம் உள்ள ஒரு ராட் சுமார் 23 கிராம் இருக்கும். 12 மி.மீ. உருண்டை மணிக்கு ஏறக்குறைய 2 கிராம் கண்ணாடி போகும். கையில் பிடிக்கற குட்டைத் துண்டு, கீழே சிந்தினது எல்லாம் கழிச்சா ஒரு ராட்டில் எட்டு, ஒன்பது மணி தேறும். ஒரு கிலோவில் நாப்பது சொச்சம் ராட். அதாவது முந்நூறு மணிக்கு மேல!

அதனால் முதல் தடவை ஒரு கிலோ போதும். அதுவும் இருபது கலரில் ரெண்டு ரெண்டா வேண்டாம். எட்டுக் கலர் போதும்: கிளியர், வெள்ளை, கறுப்பு, ஐவரி, டர்க்கோய்ஸ், கோபால்ட் நீலம், ஒரு டிரான்ஸ்பரன்ட் பச்சை, அப்புறம் உங்க மனசுக்குப் பிடிச்ச ஒண்ணு. கிளியரும் வெள்ளையும் மத்ததைவிட ரெண்டு மடங்கு. கோணல் மாணலா வரப்போற முதல் ஐம்பது மணியை இந்த ரெண்டிலேயே செஞ்சு முடிச்சுடுங்க.

கனம்? 5 முதல் 6 மி.மீ.தான் கைக்கு வசதி. ரொம்பத் தடியா இருந்தா இளகத் தாமதமாகும், சட்டுன்னு சூடு பட்டா நுனி தெறிக்கும். 2 மி.மீ. மாதிரி மெல்லிசுக்கு 'ஸ்ட்ரிங்கர்'னு பேரு. அதைக் காசு கொடுத்து வாங்காதீங்க. உங்க ராட்டையே உருக்கி இழுத்தா அதுதான் ஸ்ட்ரிங்கர்!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை

ராட்டை டப்பாவில் போடும் முன்னாடி ஒவ்வொண்ணின் நுனியிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, கம்பெனி, நம்பர், கலர் எழுதுங்க. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் மனசில் நிக்கும்னா அது இதுவா இருக்கட்டும். 90 வெள்ளையும் 104 வெள்ளையும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். ஒருதடவை கலந்துட்டா எந்தக் கொம்பனாலும் பார்த்துப் பிரிக்க முடியாது. உருக்கும்போது டேப் இல்லாத நுனியிலிருந்து ஆரம்பிங்க. ஃப்ரெண்ட் கொடுத்த பேர் தெரியாத ராட்டுக்குத் தனி டப்பா. குட்டையான துண்டை அதே ராட் நுனியில் உருக்கி ஒட்டிக்கலாம், வேஸ்ட் ஆகாது.

உருக்கறதுக்கு முன்னாடி ஈரமில்லாத துணியால் ராட்டைத் துடைங்க. தூசிதான் மணிக்குள்ள அழுக்குப் புள்ளியா உட்காரும். நேரா சுடரின் நடுவில் நீட்டாம, சுடரின் கடைசி முனையில் காட்டிக் காட்டி உள்ளே கொண்டு வாங்க.

சரியான ராட் வாங்கிட்டா மணி உடையவே உடையாதா? அப்படி இல்லை. அனீலிங்னு ஒண்ணு இருக்கு. செஞ்ச மணியைச் சின்ன எலெக்ட்ரிக் சூளையில், 104 கண்ணாடின்னா சுமார் 510 முதல் 520 டிகிரியில் கொஞ்ச நேரம் வெச்சு, மெதுவா ஆற விடணும். அப்போதான் உள்ளே இருக்கிற இறுக்கம் போகும். ஆனா ஒத்துப்போகாத ரெண்டு கண்ணாடியைச் சேர்த்து வெச்சிருந்தா, எந்தச் சூளையாலும் காப்பாத்த முடியாது. அதான் ராட்டுக்கு இவ்வளவு பில்டப்!

விளையாட்டு வேண்டாம்

ஹாஸ்டல் ரூம், பெட்ரூம், மொட்டை மாடி ஷெட் எதுவும் இதுக்கு இடமில்லை. வீட்டு கேஸ் சிலிண்டரை இதுக்கு மாட்டறதும் கூடாது. தெரிஞ்சவங்க பட்டறையிலோ வகுப்பிலோ பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான் டார்ச்சைத் தொடணும். காத்து வெளியே போக வழி வேணும். சில சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு ராட்களில் காட்மியம் உண்டு. நைலான் டிரெஸ் வேண்டாம், காட்டன் போடுங்க.

கண்ணாடியில் இருக்கும் சோடியம் சூட்டில் மஞ்சளா எரியும். பிசிக்ஸ் லேபில் சோடியம் விளக்கு பார்த்திருப்பீங்களே, அதே 589 நானோமீட்டர் வெளிச்சம். அது கண்ணைக் கூச வைக்கும், வேலையும் தெரியாது. அதை வடிகட்டவே 'டைடிமியம்' கண்ணாடி இருக்கு. சாதா கூலிங் கிளாஸ் அந்த வேலையைச் செய்யாது. ராட்டில் ரெண்டு கலர் குறைச்சாவது முதல்ல இதை வாங்குங்க.

நம்ம ஊர் மணி

'இது வெள்ளைக்காரன் ஹாபி'ன்னு யாராவது சொன்னா, புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேடு வரைக்கும் ஒரு ட்ரிப் கூட்டிட்டுப் போங்க. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செஞ்சார். ரோமானிய வணிகத்தின் தடயங்களுக்காக உலகம் அந்த ஊரைப் பேசினாலும், கடுகு சைஸ் கண்ணாடி மணிகளும் அங்கே குவியலாக் கிடைச்சது. டார்ச் முன்னாடி ஒவ்வொண்ணாச் சுத்திச் செஞ்சது இல்லை அது. உருகின கண்ணாடியை நீளமான குழாயா இழுத்து, துண்டு துண்டா வெட்டின மணி. அதே மாதிரி இழுத்து வெட்டும் தொழில் ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் 20-ம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது. முறை வேற. ஆனா எந்தக் கண்ணாடி எப்படி இளகும்னு கண்ணாலயே அளந்த கைகள் இந்த மண்ணில் இருந்திருக்கு.

அவங்களுக்கு ராட் மேல நம்பர் எழுதித் தர ஆள் இல்லை. உங்களுக்கு இருக்கு. பாருங்க, படிங்க, டேப் ஒட்டுங்க.

அடுத்த பிறந்த நாளுக்கு அம்மாவுக்கு இன்னொரு மணி செய்யுங்க. வெள்ளை மேல நீலப் புள்ளி. இந்தத் தடவை ரெண்டும் ஒரே டப்பா, ஒரே நம்பர். மூணாவது நாள் ராத்திரி அலமாரி அமைதியா இருக்கும்.

ஆல் தி பெஸ்ட்!